மாதிரிக் கை

அன்று காலை ரூபன் முடித்த முதல் வேலை, ஆறாம் தளத்துக் கல்லூரி ஆசிரியரின் வலது கையை உருக்குத் தொட்டியில் போட்டதுதான். கை நன்றாக வந்திருந்தது. ரேகை, நகக்கண், மணிக்கட்டில் புடைத்த நரம்பு, எல்லாம் சரி. சூடு இன்னும் ஆறவில்லை. கையுறை போட்ட விரல்களால் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத் தொட்டிக்குள் விட்டு மூடியை அழுத்தினான். ஆசிரியர் தன் அசல் கையால் தேநீரை நீட்டினார். இனிப் பிரச்சினை இருக்காது என்று சொல்லிவிட்டு, தேநீரைக் குடிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போனான்.

கடைகள் மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. செருப்பு, மூக்குக்கண்ணாடி, பல்செட்டு, மூச்சுக்கவசம் எல்லாம் அவரவர் வீட்டுப் பொருளச்சுப்பொறியிலிருந்துதான் வரும். அளவு பதிந்த உடம்புக்கு மட்டும்தான் வரும். ஆள் இல்லாமல் பொருள் இல்லை. பொறி ஒழுங்காக அச்சிடுகிறதா என்று பார்க்க மனிதக் கையைவிட நல்ல சோதனை யாருக்கும் தோன்றவில்லை. வளைவும் மெலிவும் நுண்கோடும் மென்மையும் ஒரே பொருளில் இருக்கின்றன. ஆகவே பொறிக்கு யார் உரிமையாளரோ அவருடைய கையே மாதிரி அச்சு. அதற்கென்று தனிக் கூழ் உண்டு. உருக்காமல் வைத்தாலும் ஓரிரு நாளில் தானாகக் குழைந்து போய்விடும். யாரும் கைகளைச் சேர்த்துவைக்கக் கூடாது என்று யோசித்துத்தான் அப்படிச் செய்திருந்தார்கள்.

நேற்று மாலை இயங்குதளம் தன்னைத்தானே இற்றைப்படுத்திக்கொண்டது. விடிந்தபோது தூத்துக்குடி சிப்பிக் கோபுரத்தில் ஒரு பொறியும் ஒழுங்காக ஓடவில்லை. சில வீடுகளில் அச்சு வரிசை அப்படியே நின்றது. சிலவற்றில் 'பொறி இணைப்பில் இல்லை' என்று வந்தது, பொறி கண்ணெதிரே இருந்தும். எட்டாம் தளத்தில் ஒருவருக்கு இடது கால் செருப்பு மட்டும் வந்துகொண்டே இருந்தது. கோபுரத்தின் பொறி பார்ப்பவன் ரூபன் ஒருவன்தான். எங்கும் ஒரே வைத்தியம். அணைத்துப் போடு. வரிசையைக் காலி செய். பழைய இயக்கியை நீக்கு, புதியதை ஏற்று. உரிமையாளரைக் கண்ணாடிமேல் கை வைக்கச் சொல். மாதிரி அச்சு எடு, பார், உருக்கு.

ஒன்பதாம் தளத்துப் பெண்கள் அவனுக்கு 'அணைச்சுப்போடு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். நாங்களே அணைச்சுப் போட்டுட்டோம் தம்பி, அப்புறமும் வரலைன்னா உங்களையும் ஒருதரம் அணைச்சுப் போட்டுப் பாக்கணும், என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவளுக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும், பேச்சை மாற்றி, இன்று காற்று வருமா என்று கேட்டாள்.

வரும். சாயங்காலத்துக்குள் தேரிக்காற்று என்று அறிவிப்பு வந்துவிட்டது. தெற்கே செம்மணல் தேரிகள் நகரத் தொடங்கியதிலிருந்து ஆனி மாதம் என்றால் அப்படித்தான். கண்ணாடிச் சன்னல்களையும் மீறி உள்ளே வரும் புழுதி அது. கவசத்தின் விளிம்பு முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். போன வருட விளிம்பு இந்த வருடம் விரிந்துபோயிருக்கும். ஒருவர் கவசம் இன்னொருவர் முகத்தில் உட்காராது. ஆகவே ஒவ்வொரு கதவிலும் அவனை ஒரு குடும்பமே எதிர்பார்த்து நின்றது.

இம்முறை கண்ணாடி கையின் அளவை மட்டும் பார்க்கவில்லை, நாடியையும் பார்த்தது. இறந்தவர்கள் பெயரில் கூழ் வாங்குவது பெருகிவிட்டதாம். உயிருள்ள உரிமையாளர் கை வைத்தால்தான் இனிப் பொறி ஓடும். இதை ரூபன் ஆறாம் தளத்திலேயே தெரிந்துகொண்டான். அதனால் பதினோராம் தளம் முடிந்ததும், தன் வீடு இருக்கும் பன்னிரண்டாம் தளத்தைத் தாண்டி நேராகப் பதினைந்துக்குப் போய்விட்டான்.

அவன் வீட்டுப் பொறிக்கு உரிமையாளர் ஷெர்லின்.

கல்யாணமான புதிதில் பொறி வந்து இறங்கிய அன்று அவன் கை முழுக்கப் பிசின். எங்கோ குழாய் வெடித்திருந்தது. கழுவிவிட்டு வருகிறேன் என்று போனான். வருவதற்குள் அவள் தன் கையை வைத்துவிட்டாள். ஊருக்கெல்லாம் பொறி பார்ப்பவர் வீட்டில் நான்தான் முதலாளி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அவன் விட்டுவிட்டான். போன ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வாரமே முடிந்துவிட்டது. அடக்கத்துக்கு வந்த அவள் அம்மா பாக்கியசீலி திரும்பிப் போகவில்லை. அவன் இருங்கள் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இறால் பண்ணையில் தண்ணீர்ப் பரிசோதகராக வேலை தேடிக்கொண்டாள். அதிகாலையில் போய் நண்பகலில் வருவாள். அவளுக்கு மூச்சிளைப்பு உண்டு.

மேற்பார்வையாளருக்கு இருமுறை பேசிப் பார்த்தான். உரிமையாளர் இறந்துவிட்டால் அளவை மட்டும் தனியே எடுத்துவைக்க வழி உண்டா என்று, யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டான். இல்லை என்றார். 'உரிமையாளர் இல்லை' என்ற பொத்தானை அழுத்தினால் பொறியிலும் மையக் கிடங்கிலும் அளவு அழியும். அழுத்தாவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் வராது. அவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பொறியில் கவசம் எடுக்கலாமா? அவர்கள் பெயரைப் பழைய பொறியிலிருந்து விடுவிக்கவும் உரிமையாளர் கை வேண்டும். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். கடைசியில், யார் வீடுப்பா அது, என்றார். ரூபன் இணைப்பைத் துண்டித்தான்.

பதினைந்து முடிந்து பதினான்கு, பதினான்கு முடிந்து மறுபடி ஏழு. மின்தூக்கிக்குக் காத்திருக்க முடியாமல் படியில் ஏறினான், இறங்கினான். சரியாகிவிட்ட வீடுகளுக்குக்கூட இன்னொருமுறை போய்ப் பார்த்தான். மதியத்துக்குமேல் போகக் கதவு மிச்சமில்லை.

பாக்கியசீலி கூடத்துச் சன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்துக்கொண்டிருந்தாள். மூச்சில் லேசாக விசில் சத்தம் வந்தது.

"வாங்க மாப்ள. ஊரெல்லாம் சரியாயிட்டாம். நம்ம பெட்டிக்கு மட்டும் என்ன நோக்காடு?"

பார்க்கிறேன் என்றான். திரையில் 'உரிமையாளர் கை வைக்கவும்' என்றிருந்தது. அதன் கீழே இன்னொரு வரி: 'உருக்குத் தொட்டி காலியாக இல்லை.'

இரண்டாவது அவனுக்குத் தெரிந்த விஷயம். இந்தப் பொறியில் மாதிரிக் கூழ் மாதக்கணக்காகக் குறைந்துகொண்டிருந்தது. கசிவு என்று எண்ணிக் கூழ்க்குழாய் வாயின் அடைப்பு வளையத்தை மாற்றினான். மறுபடி குறைந்தது, மறுபடி மாற்றினான். அந்தக் கசிவு தொட்டியில் போய் உறைந்திருக்கும். முதலாவதைப் பார்க்காமலிருக்க இரண்டாவது நல்ல சாக்கு. மண்டியிட்டு மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டான்.

தட்டுப்பட்டது ஒரு விரல்.

ஓரங்கள் குழையத் தொடங்கியிருந்தன. நகம் அப்படியே இருந்தது. சுண்டுவிரல். மேல்கணுவில் மோதிரவிரல் பக்கமாகச் சாய்ந்த விரல். அந்தச் சாய்வை அவன் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வான். நேற்று மாலை கை உருகிக்கொண்டிருந்தபோதே இற்றைப்படுத்தல் வந்து பொறியை அணைத்திருக்கிறது. விரல் மட்டும் தப்பிவிட்டது.

நிமிர்ந்தான். பாக்கியசீலி ஈரத்துணியோடு நின்றிருந்தாள்.

"அப்போ கசிவு இல்லை" என்றான்.

"இல்ல."

"எப்பலேர்ந்து?"

"வந்த வாரத்துலேர்ந்தே. மத்தியானம் பண்ணையிலேர்ந்து வந்ததும் ஒண்ணு போடுவேன். நீங்க வர்றதுக்குள்ள உருக்கிருவேன்." துணியைப் பிழிந்தாள். "கூழ் குறையுறது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும், தெரிஞ்சுதான் பேசாம இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"நான் வளையத்தை மாத்திட்டிருந்தேன், அத்தை."

அவள் சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்தது. அடங்கியதும் சொன்னாள்: "நீங்களும் போடுவீங்கன்னுதான் நான் இருந்தேன். ஊருக்கெல்லாம் கை எடுத்துக் குடுக்கிறவரு வீட்டுல எடுக்காமலா இருப்பாரு? விடிகாலம் நான் போனப்புறம் உங்க நேரம், மத்தியானம் என் நேரம். எனக்குள்ள அப்படியொரு கணக்கு."

தான் ஒருநாளும் எடுத்ததில்லை என்றான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கைகளை உருக்குபவன். வீட்டுப் பொறியின் அந்தப் பொத்தானைத் துடைக்கும்போதுகூட விரலை ஒதுக்கிக்கொள்வான்.

"அதை வச்சுகிட்டு என்ன செய்வீங்க?"

"என்ன செய்ய? புடிச்சுகிட்டு உக்காந்திருப்பேன். ஒருதரம் நகம் நீளமா இருக்கேன்னு வெட்டிவிட்டேன். மறுநாள் பாத்தா பழையபடி நீளமா இருக்கு." துணியை இடுக்கில் திணித்தாள். "சின்னதுலயும் அப்படித்தான். வெட்ட விடமாட்டா."

முதல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. தென்கோடி வானம் செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

ரூபன் பொத்தானைப் பற்றிச் சொன்னான். சுருக்கமாகச் சொன்னான். அழுத்தினால் ஷெர்லினின் அளவு எங்குமே இருக்காது. அழுத்தாவிட்டால் கவசம் வராது. பிறகு, அவனே எதிர்பாராமல் நிறையப் பேசத் தொடங்கினான். இந்தக் காற்றுக்கு மட்டும் அத்தை ஆஸ்பத்திரியின் புழுதி புகாத அடைப்பு அறையில் போய் இருந்துகொள்ளலாம். இப்போதே வண்டி சொல்லலாம். தான் பழைய கவசத்தில் பட்டை ஒட்டிச் சமாளித்துக்கொள்வான். அதற்குள் ஏதாவது வழி வரும். ஒவ்வொரு இற்றைக்கும் பின்னால் ஒரு திருத்தம் வருவது வழக்கம்தான்.

"அடுத்த காத்துக்கு?"

"அதுக்குள்ள பாத்துக்கலாம்."

"செருப்பு தேஞ்சா? உங்க கண்ணாடி ஒடஞ்சா?"

விரல் அவன் உள்ளங்கையில் மெல்ல இளகிக்கொண்டிருந்தது. கையுறைமேல் ஒரு வழவழப்பு பரவியது.

"மாப்ள, தள்ளுங்க."

அவன் நகரவில்லை. அவள் அவனைத் தொடாமல், அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அழுத்தினாள். நிச்சயமா என்று பொறி கேட்டது. மறுபடி அழுத்தினாள். அவள் மூச்சின் விசில் அவன் காதருகே கேட்டது. திரை ஒருமுறை வெளுத்தது. புதிய உரிமையாளர் கை வைக்கவும் என்று வந்தது. எல்லா வீட்டிலும் வருவதுபோலவே வந்தது.

"வைங்க" என்றாள்.

"நீங்களே வைங்க, அத்தை. என் கை பூரா கூழ்."

அவள் அவனைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடிமேல் கையை வைத்தாள். நாடி பார்த்து முடியும்வரை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் வேலைக்காரனாகிவிட்டான். இருவர் முகத்தையும் அளந்தான். வரிசையைக் காலி செய்தான். இயக்கியை ஏற்றினான். முதலில் மாதிரி அச்சு வர வேண்டும். அது வந்தால்தான் கவசத்தை நம்பலாம்.

பொறியின் கதவு திறந்தது. கை வந்திருந்தது. தோல் சுருங்கிய, கணுக்கள் தடித்த, உப்புநீரில் வெளுத்த கை. பார்ப்பதற்காகத் திருப்பினான். ரேகை சரி. நகக்கண் சரி. சுண்டுவிரலுக்கு வந்து நின்றான். மேல்கணுவில், மோதிரவிரல் பக்கமாக, அதே சாய்வு.

இத்தனை மாதமும் ஒரே வீட்டில் இருந்திருக்கிறான். தினமும் அந்தக் கை சோறு வைத்திருக்கிறது. மாமியார் கையை மாப்பிள்ளை எதற்காக உற்றுப் பார்க்கப்போகிறான்?

"எங்க வீட்டுல பொம்பளைங்க எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள் பாக்கியசீலி. "எங்கம்மாவுக்கும் இருந்துச்சு."

இரண்டாம் சங்கு ஊதியது. அவளுடைய கவசம் முதலில் வந்தது. விளிம்பு கன்னத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. சில மூச்சுகளில் விசில் அடங்கியது. ரூபனின் கவசம் அச்சாகிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே கடல் தெரியவில்லை. பிறகு எதிர்க் கோபுரமும் தெரியவில்லை.

மாதிரி அச்சை உடனே உருக்க வேண்டும். தொட்டியின் மூடியைத் திறந்து வைத்தான். கையுறையோடு ஒட்டிக்கொண்டிருந்த விரல் இப்போது விரலாக இல்லை. கையுறையைக் கழற்றி முழங்காலருகே வைத்தான். வெறுங்கையால் அந்தக் கையை எடுத்தான். பொறி பார்க்க வந்த நாளிலிருந்து ஒரு மாதிரிக் கையை அவன் வெறுங்கையால் தொட்டதில்லை. இளஞ்சூடாக இருந்தது. தரையிலேயே உட்கார்ந்து, அதன் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்துக்கொண்டான்.

பாக்கியசீலி கவசத்துக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். காற்றின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. அவள் சன்னல் பக்கம் திரும்பி, திணித்த துணியையே மறுபடி திணிக்கத் தொடங்கினாள்.

அவனுடைய கவசம் தயார் என்று பொறி ஒலித்தது. கை ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தான். தொட்டியின் மூடி திறந்தே இருந்தது.