வக்கீல் அம்மாவின் கை

புதன்கிழமை பிற்பகல். திருப்புலிவனம்.

ட்ரங்குப் பெட்டி பூட்டினபடியே இருந்தது. உள்ளே பட்டுப் புடவையின் மடிப்பு கலையவில்லை. புடவைக்கு அடியில் நகைப் பெட்டியும் இருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய அட்டிகைதான் இல்லை.

தாயாரம்மாள் பெட்டியைக் கவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட நாள் குறித்தாகிவிட்டது.

உத்திரமேரூர் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு முனிரத்தினம் சைக்கிளில் வந்து இறங்கியபோது வாசலில் பாதி ஊர் நின்றது. மாட்டுக் கொட்டகைத் தூணோரம் சிட்டம்மாள் ஒடுங்கி நின்றாள். காலனியைச் சேர்ந்தவள், காலையில் நடவு, மாலையில் இந்த வீட்டுக் கொட்டகையில் சாணம் அள்ளுகிற வேலை. அவளை யாரும் கட்டிப்போடவில்லை. ஆனால் ஓர் அடி நகர்ந்தால் பிடிக்க நாலு பேர் தயாராக இருந்தார்கள்.

“இவதாங்க. ஜீப்பு வர்லியா?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“ஜீப்பு வந்தா திருடி ஆயிடுவாளா? மொதல்ல வழிய வுடு” என்று முனிரத்தினம் உள்ளே போனார்.

தாயாரம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆசாரி அட்டிகைக்கு மெருகு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் காலண்டருக்குப் பின்னால் மாட்டிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்கு டி.வி. பார்க்கப் போனாள். திரும்பி வந்ததும் பெட்டியில் தலை வைத்துப் படுத்தாள். காலையிலிருந்து வீட்டைவிட்டு நகரவில்லை. ஆக, வீடு ஆளில்லாமல் கிடந்தது செவ்வாய்க்கிழமைத் தொடர் ஓடிய நேரம் மட்டும்தான். அன்றைக்கு ஊரே அப்படித்தான் கிடக்கும்.

வாசல் கதவும் உடைபடவில்லை. நெல்லோடு வாலாஜாபாத் மில்லுக்குப் போன புருஷன் வேதகிரி ராத்திரி திரும்பினால் எடுத்துக்கொள்ளட்டும் என்று, கதவுச் சாவியைக் கொட்டகை மாடத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவன் இன்னும் திரும்பவில்லை. அந்த வழக்கம் வேறு யாருக்குத் தெரியும் என்று ஏட்டு கேட்டார். கூடவே தங்கி பம்ப்செட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பி மகன் கோபாலுக்குத் தெரியும். சிட்டம்மாளுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

முனிரத்தினத்துக்கு இதில் சொந்தக் குறை ஒன்று இருந்தது. செவ்வாய் தோறும் அவருக்கு பஸ் ஸ்டாண்டில் டியூட்டி. தொடரை ஒரு வாரம்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. வீட்டில் கேட்டால், “போன வாரம் மாதிரியேதான், அழுவுறாங்க” என்பதோடு மனைவி முடித்துக்கொள்வாள். இன்றைக்குக் கதையைக் கேட்பதே விசாரணையாகவும் ஆகிவிட்டது. பார்த்தவன் எவன், பார்க்காதவன் எவன் என்று அதில் தெரிந்துபோகும்.

முதலில் பம்ப்செட்டுக்குப் போனார். கோபால் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். நேற்று தொடர் ஓடியபோது டி.வி.க்கு எதிரே முன் பாயில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னான். கூட யார் என்றதற்கு, இருட்டில் யார் யார் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று சிரித்தான்.

“அதுவும் செரிதான். கதை இன்னா தம்பி ஆச்சி? எனக்கு டியூட்டி” என்று ஏட்டு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார்.

கோபால் உற்சாகமானான். “வக்கீல் அம்மா கேஸ் ஜெயிச்சி வூட்டுக்கு வருது. வளத்த புள்ளயே கள்ளக் கையெழுத்து போட்டு வூட்ட எழுதி வாங்கிட்டான்னு தெரியுது. ஏன்டான்னு கேக்குது. பேந்தப் பேந்த முழிக்கிறான். ஓங்கி உட்டுது பாருங்க ஒரு அடி. அவன் மூக்குக் கண்ணாடி தெறிச்சி வாசல்ல போய் வுழுந்துது.”

“அப்பறம்?”

“அப்பறம் இன்னா, அடுத்த வாரந்தான்.”

ஏட்டுக்கு அந்த அடி மிகவும் பிடித்திருந்தது. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார்.

அங்கே தாயாரம்மாள் தெளிந்து, சாட்சியோடு உட்கார்ந்திருந்தாள். சிட்டம்மாள் டி.வி. பார்க்கவே வரவில்லை என்பது அவள் கட்சி. காலனிக்காரர்கள் உள்ளே பாயில் உட்காருவதில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். நேற்று அவர்கள் எல்லாரும் மாகறலில் ஒரு சாவுக்குப் போய்விட்டார்கள். சிட்டம்மாள் மட்டும் ஊரில் தங்கினாள். அவள் ஜன்னலில் நின்றதைப் பார்த்தவர் யாரும் இல்லை. வாராவாரம் நடவில் அவள்தான் கதை சொல்வாள். இன்று காலை அவள் சொன்ன கதை தாயாரம்மாள் காதுக்கும் வந்திருந்தது. அந்தக் கதையே தப்பு.

“வக்கீல் அம்மா புள்ளய அடிச்சிட்டான்னு சொல்லி கீறா, ஏட்டய்யா. எங்க அடிச்சா? கையத் தூக்கினா, தூக்கின கை அப்பிடியே நின்னுபோச்சி. தொடரும்னு எழுத்து வந்துட்டுது. வுழுந்துதா இல்லியான்னு ஊரே சண்ட போட்டுக்கினு கீது. பாத்தவளா இருந்தா இப்பிடிச் சொல்லுவாளா?”

முனிரத்தினம் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். பக்கத்தில் நின்ற மகளைக் கேட்டார். கை நின்றது என்றாள். டி.வி. அலமாரிச் சாவி வைத்திருக்கும் சடையப்பனைக் கேட்டார். அவரும் அதையே சொன்னார். பிறகு எழுந்து கொட்டகைக்குப் போனார்.

சிட்டம்மாளின் உதடு காய்ந்திருந்தது. ஸ்டேஷனுக்குப் போனால் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற ஆளில்லை என்று மட்டும் சொன்னாள்.

“கை நின்னுதா, வுழுந்துதா?” என்றார் ஏட்டு.

“நின்னுதுங்க.”

“அப்பறம் ஏன் வுழுந்துதுன்னு சொன்ன?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “எல்லாரும் எழவு வூட்லருந்து விடியவே வந்து சேத்துல எறங்கிட்டாங்க. அழுது அழுது மூஞ்செல்லாம் வீங்கிக் கெடந்துது. அவங்ககிட்ட போயி, கை நின்னுபோச்சி, அடுத்த செவ்வாக்கெழம பாருங்கன்னு எப்பிடிங்க சொல்றது? நானே ஒரு அடி உட்டுட்டேன். மூக்குக் கண்ணாடி தெறிச்சிதுன்னேன். சிரிச்சாங்க.”

ஏட்டு சிரிக்கவில்லை. “கேட்டது யார் யாரு?”

“எங்க பொம்பளைங்கதான். மட தெறக்க வந்த கோபாலும் வரப்புல குந்திக்கினு கேட்டுது.”

“நீ ஜன்னலாண்ட நின்னதுக்கு அடையாளம் எதுனா சொல்லு.”

சிட்டம்மாள் வீட்டுப் பக்கம் பார்த்துத் தயங்கினாள். குரலைத் தாழ்த்தி, “வக்கீல் அம்மா கையத் தூக்கினப்போ இந்த வூட்டு அம்மாவும் கையத் தூக்கினாங்க. முட்டி போட்டு எழுந்து, பல்லக் கடிச்சிக்கினு. எழுத்து போட்டப்பறமும் எறக்கவே இல்ல. பாப்பாதான் புடிச்சி எறக்கி வுட்டுது” என்றாள்.

முனிரத்தினம் கூடத்துக்கு வந்து, கோபாலையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அதை அப்படியே சொன்னார். தாயாரம்மாளின் முகம் சிவந்தது. மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னலுக்கு நேர் எதிரே அவர்கள் இருந்ததைச் சடையப்பனும் சொன்னார்.

“சிட்டம்மா பாத்தா” என்றார் ஏட்டு. “பாத்துட்டு, எரக்கப்பட்டு ஒரு அடியச் சேத்தா. டி.வி.ல வராத அடி, தெறிக்காத கண்ணாடி. அது ரெண்டையும் எனக்குச் சொன்ன ஆம்பள இந்த ஊர்ல ஒருத்தன்தான். நேத்து முன்னாடி பாயில குந்தியிருந்தேன்னவன் அந்த அடிய எங்க பாத்தான்? வரப்புல கேட்டான். தொடர்னா கடைசியில கதைய நிறுத்திடுவான்னு அவனுக்கும் தெரியும். எங்க நிறுத்தினான்னுதான் தெரியல. வேற யாரையும் கேக்கவும் முடியல. கேட்டா, பாக்கலன்னு ஆயிடுமே. இல்லியா தம்பி?”

கோபால் துடைத்த கையையே மறுபடி வேட்டியில் துடைத்தான்.

“அட்டிக எங்க?”

அவன் அத்தையைப் பார்த்தான். பம்ப்செட்டில் கிரீஸ் டப்பாவுக்குள் என்றான். மெட்ராசுக்குப் போய் லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள நினைத்ததாகவும், கல்யாணத்துக்கு முன்னால் எப்படியாவது திருப்பி வைத்துவிடலாம் என்று இருந்ததாகவும் சொன்னான். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

அட்டிகை கறுப்பாக வந்து சேர்ந்தது. மண்ணெண்ணெயில் அலசியதும் கல் கல்லாக வெளிச்சம் வந்தது. தாயாரம்மாள் அதை மகள் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். அழுத கண்ணோடு கொட்டகைக்கு வந்து, சொம்பு நிறைய மோரைச் சிட்டம்மாளிடம் நீட்டினாள்.

“மனசுல வச்சிக்காதடி. நாளைக்கி நேரத்தோட வந்துடு.”

சிட்டம்மாள் மோரை மூச்சுவிடாமல் குடித்து முடித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள்.

“நாளைக்கி வர்லமா” என்றாள். “புள்ளைங்களப் பக்கத்துல போட்டுக்கினு வெயில் ஏர்ற மட்டும் தூங்கப் போறேன்.”

தாயாரம்மாள் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஏட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோபாலோடு தெருமுனை தாண்டும்போது திரும்பிப் பார்த்தார். சிட்டம்மாள் காலனி வழியில் வேகமாக நடந்துகொண்டிருந்தாள். யாரும் அவள் பின்னால் போகவில்லை.