தொண்ணூற்றொன்றாம் சங்கீதம்

ரத்னபாய் வாசித்து நிறுத்திய பிறகு, கடைசிச் சொல் இன்னொரு தடவை கேட்டது.

உள்ளறையிலிருந்து. மகள் ஜிஜாவின் அறை அது. ஐந்து நாளாக அதில் ஆளில்லை. ஆடி மழை ஓட்டில் அடித்துக்கொண்டே இருந்தது. பின்புறம் காயாத ரப்பர் ஷீட்டுகளின் புளித்த வாடை வீடு முழுக்க நின்றது. வெறும் அறையில் குரல் இப்படித் திரும்பும்தான் என்று நினைத்துக்கொண்டாள். பயமும் வரவில்லை, எதுவும் வரவில்லை.

காய்ச்சல் என்று படுத்த பெண்ணுக்கு மூன்றாம் நாள் ஆள் அடையாளம் தெரியாமல் போயிற்று. இப்போது நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஐசியுவில் கிடக்கிறாள். கூட ஒருவர்தான் நிற்கலாம் என்பதால் அப்பா ஜெயதாஸ் நின்றார். சாயங்காலம் நாலு மணிக்குப் பத்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். அவர் போனை மகளின் காதோரம் பிடிப்பார். வீட்டிலிருந்து ரத்னபாய் சங்கீதம் வாசிப்பாள். முதல் நாள் ஆறாம் சங்கீதம். அடுத்த நாள் நூற்றுமுப்பது. அழுகை வார்த்தையை அடைத்தது. காவலுக்குத் தொண்ணூற்றொன்றையே விடாமல் வாசிக்கச் சொன்னார் சபை உபதேசியார். வாசித்து வாசித்து அழுகை நின்றுபோயிற்று. வாய் மட்டும் அசைந்தது.

வாதை உன் கூடாரத்தை அணுகாது என்ற இடத்துக்கு மறுபடி வந்து மூச்சு விட்டாள்.

“அணுகும்,” என்றது உள்ளறை.

இந்தத் தடவை எதிரொலி இல்லை. குரல் அவளுடையதுதான். தொண்டை கட்டியிருப்பதுகூட அப்படியே. புத்தகத்தை மடியில் வைத்தாள். கதவில் தொங்கிய பச்சைத் திரை, மழைக்காற்றில் மற்ற ஜன்னல் திரைகள் ஆடியபோதும், ஆடாமல் இருந்தது. ஈரத் துணியும் டெட்டாலும் கலந்த வாடை, ஆஸ்பத்திரி வராந்தாவின் வாடை, அதன் அடியில் கசிந்து வந்தது.

போனில் ஜெயதாஸ் பேசினார். ஐந்து நாளில் முதல்முறையாக அவர் குரலில் உயிர் இருந்தது.

“ரத்னம், பிள்ள கண்ணு தொறந்தாச்சு. உதடு அசையுது. நிறுத்தாத, வாசி.”

அவள் வாசிக்கவில்லை. வாயை மூடித்தான் இருந்தாள்.

“அதாக்கும். நல்லா கேக்குது. வாசி, வாசி.”

உள்ளறையில் வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. அவளுடைய குரலில், அவளுடைய நிதானத்தில். இரவின் பயங்கரத்துக்குப் பயப்படுவாய். பகலில் பறக்கும் அம்புக்கும். ஒவ்வொரு வசனமும் முடிவில் மட்டும் தலைகீழாகத் திரும்பியிருந்தது. ஆஸ்பத்திரியில், போனுக்குள், பலவீனமான சின்னக் குரல் அதை ஒன்றுவிடாமல் கூடவே சொன்னது.

“இஞ்ச கேளுங்க,” என்றாள் ரத்னபாய். “வாசிக்கது நான் இல்ல. போனை எடுங்க. அவ காதுல இருந்து எடுங்க.”

அவருக்குக் கேட்கவில்லை. நர்சைக் கூப்பிட்டு, என் மகள் பேசுகிறாள் என்று அழுதுகொண்டிருந்தார்.

அவள் போனை அணைத்தாள். போன் திரை இருண்டது.

சின்னக் குரல் நிற்கவில்லை.

அது இப்போது உள்ளறையில் இருந்தது. இரண்டு குரல்களும் அங்கே. பிறகு ஒன்று.

மழை விட்டது.

“அம்மா,” என்றது. வேதத்தின் பாஷை இல்லை. வீட்டுப் பேச்சு. “வாறேன்.”

எழுந்து ஓட வேண்டும் என்று தெரிந்தது. எழவில்லை. உதடு சங்கீதத்தைத் தேடியது. முதல் வார்த்தை. முதல் வார்த்தை என்ன?

பச்சைத் திரையின் அடி விளிம்பு, தரையோடு, மெல்ல உயர்ந்தது.

ஒரு கை. மெலிந்த கை. புறங்கையில் பிளாஸ்திரி ஒட்டிய ஊசிக் குழாய், அதற்குள் இரத்தம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. விரல்கள் சிமெண்டுத் தரையைத் தடவிப் பார்த்து, அவள் இருந்த திசையைக் கண்டுபிடித்தன.