வாசலில் தூங்கும் பிள்ளை

நார்வேயின் ஸ்டாவங்கர் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் வரும் நாளென்றால் என் காபிக்கடைக்கு வெயில் கிடையாது. மாடி மாடியாக எதிரே வந்து நின்று வானத்தை அடைத்துவிடும். கழுத்தில் அட்டை தொங்க ஆட்கள் இறங்குவார்கள். எங்கள் வெள்ளை மரவீடுகளைப் படம் பிடிப்பார்கள். பிறகு என் கடைவாசலைப் பார்த்து அலறுவார்கள்.

வாசலில் தள்ளுவண்டிகள் நிற்கும். அவற்றுக்குள் கைக்குழந்தைகள் தூங்கும். மழையோ பனியோ, எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கம் வெளிக்காற்றில்தான். வந்தவர்களுக்கு அது எங்கே புரியும்? "ஐயோ, யாரோ பிள்ளைய விட்டுட்டுப் போயிட்டாங்க!" என்று ஒருவராவது ஓடிவராத கப்பல் நாளே கிடையாது. நாங்கள் சிரிப்போம்.

அன்றும் சிரித்தோம்.

மூடுபனி இறங்கிய காலை அது. இங்வில்ட் தன் மகன் சிவெர்ட்டை வாசலில் தூங்கவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பல வருஷம் ஏங்கிப் பெற்ற ஒரே பிள்ளை. வண்டிக்குள் ஒரு சின்னக் கருவி, மேஜைமேல் அதன் ஜோடி. பிள்ளை மூச்சு விடுவதுகூட இங்கே கேட்கும்.

"காபியைச் சூடா குடிச்சு எத்தனை மாசமாச்சு தெரியுமா, பெரித்?" என்றாள் என்னிடம்.

கதவு திறந்தது. கழுத்தில் கப்பல் அட்டையோடு வயதான ஒரு பெண். முகத்தில் ரத்தமே இல்லை.

"வெளியே இருக்கற குழந்தை யாரோடது? ஒரு பொம்பளை அதைத் தூக்கறா. சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கா."

ஓய்வுபெற்ற மாலுமி ஓட்வார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "வந்துட்டாங்கப்பா! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வழிகாட்டிப் பசங்க அந்தக் கதையைச் சொல்லியிருப்பானுங்க."

அந்தக் கதை எங்களுக்கு மனப்பாடம். அந்தக் காலத்தில் அமெரிக்கா போகும் கப்பலில் நெரிசலோடு ஏறிய ஒருத்தி, பிள்ளை கரையிலேயே நின்றுவிட்டதைத் தாமதமாக உணர்ந்து கடலில் குதித்தாளாம். இன்னும் பிள்ளையைத் தேடிக் கரையேறுவாளாம். வந்தவர்களைப் பயமுறுத்தத்தான் அந்தக் கதை. எங்களில் யாரும் நம்பியதில்லை.

"சிரிக்காதீங்க. போய்ப் பாருங்க," என்றாள் அந்தப் பெண், குரல் நடுங்க.

இங்வில்ட் பாதி எழுந்தாள். கருவியைக் காதில் வைத்தாள். சீரான மூச்சு. புன்னகையோடு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"பயப்படாதீங்கம்மா. குறட்டையே விடறான், கேளுங்க."

கேட்டோம். மூச்சு வந்தது.

கூடவே ஒரு தாலாட்டும் வந்தது.

மெல்ல. முணுமுணுப்பாக.

இங்வில்டின் கோப்பை தரையில் விழுந்து உடைந்தது.

வெளியே ஓடினோம். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மழைத்திரையின் பொத்தான்கள் போட்டது போட்டபடி இருந்தன. அவள் அதைப் பிய்த்துத் திறந்தாள். கம்பளி ஊறிக் கிடந்தது. கடற்பாசி வாடை குப்பென்று அடித்தது. வண்டியிலிருந்த கருவி உப்புத் தண்ணீரில் செத்துப்போயிருந்தது. அங்கிருந்து கரைவிளிம்பு வரை கற்களின்மேல் ஈரக் கால்தடங்கள்.

சிவெர்ட் இல்லை.

"எங்கேடி என் பிள்ளை? பெரித், எங்கேடி?"

உள்ளே, மேஜைமேல், அவன் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

போலீஸ் கப்பலைச் சோதித்தது. முக்குளிப்பவர்கள் துறைமுகத்தைத் துழாவினார்கள். ஒரு காலுறைகூடக் கிடைக்கவில்லை.

இப்போதெல்லாம் என் வாசலில் யாரும் வண்டி நிறுத்துவதில்லை. இங்வில்ட் மட்டும் கப்பல் நாளில் தவறாமல் வருவாள். பேட்டரி கழற்றிய அந்தக் கருவியை மேஜையில் வைப்பாள். கப்பல் சங்கு ஊதியதும் அதில் மூச்சு வரும். ஒரு கோடையில் சிரிப்புக் கேட்டது. அதற்கடுத்த கோடையில் மழலை. "அம்மா இங்கே இருக்கேன்டா," என்று அவள் அதனருகே வாய் வைத்துச் சொல்வாள். அதில் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன வாரமும் கப்பல் வந்தது. சங்கு ஊதியது. கடையில் யாரும் அசையவில்லை.

"அம்மா," என்றான் சிவெர்ட், தெளிவாக.

இங்வில்ட் வாய் திறப்பதற்குள், கருவிக்குள் வேறொருத்தி சொன்னாள்.

"என்னடா கண்ணா?"