சராசரிக் கோடு

துளிர் ஊஞ்சலிலிருந்து தலைகுப்புற விழுந்தாள். பால்கனியில் இரண்டு டைல்ஸ் விரிசல் விட்டன. துளிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த தன்விகா முதலில் டைல்ஸைத்தான் குனிந்து பார்த்தாள். பெற்ற தாய் இப்படிச் செய்யலாமா என்று கேட்கக் கூடாது. கோவையை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் பிள்ளை விழுந்தால் பிள்ளைக்காகப் பதறும் வழக்கம் எப்போதோ ஒழிந்துவிட்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடிவந்து மோதினால், வருஷாவருஷம் பூச்சு வேலை பார்க்க வேண்டியிருப்பது பள்ளிக்கூடத்துச் சுவருக்குத்தான்.

"துளிர், இங்க வா கண்ணு."

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பிள்ளை திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். அசையவில்லை. தோளைத் தொட்டதும்தான் திரும்பிச் சிரித்தாள். ஒரு வாரமாகவே இப்படித்தான். பிடிவாதம் என்று நினைத்து நேற்று முதுகில் ஒன்று வைத்திருந்தாள் தன்விகா. வீங்கியது அவள் கைதான்.

இன்று அது பிடிவாதமாகப் படவில்லை. பிள்ளையை இழுத்துக்கொண்டு டாக்டர் ஐசக்கிடம் ஓடினாள்.

"காதுல அழுக்கு கிழுக்கு ஏதாச்சும் இருக்குமுங்களா டாக்டர்?"

"அழுக்கு இல்லீங்க." மண்டையோட்டின் படத்தைத் திரையில் பெரிதாக்கினார் ஐசக். "செவி நரம்பு வெளிய வர்றதுக்கு எலும்புல ஒரு ஓட்டை இருக்குது, பாருங்க. அது தூர்ந்துட்டு வருது. எலும்பு வளர்ந்து வளர்ந்து அடைக்குதுங்க. பக்கத்துலயே கண்ணு நரம்புக்கும் இதே மாதிரி ஒரு ஓட்டை. அடுத்தது அதுதான்."

தன்விகா நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எலும்பு வளர வேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வம் இல்லை.

துளிர் ஆறாம் மாதமே பிறந்துவிட்டவள். வயிற்றுப் பிள்ளையின் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் பெரும்பங்கைத் தாய் கொடுப்பது கடைசி மூன்று மாதங்களில். அதற்குள் அவசரப்பட்டு வெளியே வந்த பிள்ளைகளுக்கு எலும்பு அப்பளம் மாதிரிதான் இருக்கும். துளிருக்குத் துணி மாற்றும்போது ஒருமுறை விலா எலும்பு முறிந்தது. மாற்றியவள் தன்விகா. அந்தச் சின்னச் சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது.

அப்போது வந்ததுதான் எலும்பு நெசவி. கண்ணுக்குத் தெரியாத எந்திரங்கள், கோடிக்கணக்கில், பாலில் கலந்து சங்கில் புகட்டினார்கள். அவை எலும்புக்குள் குடியேறி, இரத்தத்தில் வரும் சத்தை எடுத்து இழை இழையாக நெய்தன. எவ்வளவு நெய்தால் போதும் என்ற கேள்விக்கு, செய்தவர்கள் ஒரு கெட்டிக்காரப் பதில் வைத்திருந்தார்கள். அந்த ஊரில் அதே வயதுப் பிள்ளைகளின் எலும்பு உறுதிக்குச் சராசரி எடு. அந்தக் கோட்டுக்குக் கீழே பிள்ளை போகாமல் பார்த்துக்கொள். அவ்வளவுதான் நெசவிக்குத் தெரிந்த சட்டம்.

குறைமாதப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தவரை அந்தச் சட்டம் தங்கமாக வேலை செய்தது. நம் ஊர்ப் பெற்றோர்கள் அதோடு விடுவார்களா? ஆறாம் மாதம் பிறந்த பிள்ளை மரம் ஏறுகிறது, பத்து மாதம் சுமந்து பெற்ற நம் பிள்ளை மாவுக்கட்டோடு கிடக்கிறதே என்று வயிறு எரிந்தார்கள். எதிர் பிளாக் மோனிஷ் தன் மகன் விவானுக்கு முதல் ஆளாக வாங்கிப் புகட்டினான். பிறகு குடியிருப்பே புகட்டியது. எந்தச் சராசரியிலும் சில பிள்ளைகள் கீழேதான் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் நெசவிகள் எலும்பை ஏற்றின. கோடு ஏறியது. அதனால் வேறு சில பிள்ளைகள் கீழே போனார்கள். அவர்களுடைய நெசவிகளும் ஏற்றின. துளிர் கோட்டுக்கு மேலே இருந்த நாட்களில் தன்விகாவும் நெசவிக் கணக்கு ஓடும் கைத்திரையில் அதை நாலு பேருக்குக் காட்டிப் பெருமைப்பட்டவள்தான்.

"என்ற பிள்ளைக்கு மட்டும் நெசவியத் தணிச்சுரலாமுங்களா?" என்று கேட்டாள்.

ஐசக் கையை விரித்தார். காரணம் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் அகரன் என்ற பையனுக்கு அவன் பெற்றோர் நெசவியைத் தணித்தார்கள். பழையபடி சாதாரண எலும்போடு பள்ளிக்கூடம் போனான். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக் கூட்டாளிகள் கட்டிப்பிடித்தார்கள். தோள்பட்டையும் நாலு விலாவும் போயின. கட்டிப்பிடித்தவர்களில் துளிரும் ஒருத்தி.

"எல்லாரும் ஒரே நேரத்துல தணிக்கோணுமுங்க," என்றார் ஐசக் கடைசியில். "அப்பத்தான் கோடு இறங்கும். சேர்ந்து இறங்குனா யாருக்கும் ஆபத்தில்லை. அடைச்சதுகூடக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சுரும். சீக்கிரம் பண்ணுங்க."

தன்விகா வீடு வீடாக ஏறி இறங்கினாள். விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கதவைத் திறந்த ஒவ்வொரு வீட்டிலும் டிவி அலறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டுமே.

குடியிருப்போர் சங்கக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மணி அடிக்கும்போது எல்லா வீட்டிலும் தணிப்பது என்று முடிவானது.

"அத்தன பேரும் தணிச்சு, ஒருத்தர் மட்டும் தணிக்காம இருந்துட்டா?" என்று மோனிஷ் எழுந்தான். "அவங்க புள்ள நம்ம புள்ளைகள எலும்பெண்ணி அனுப்பிரும்ல?"

"அதெப்படீங்க? எல்லாரும் புள்ள குட்டிக்காரங்கதான?" என்றாள் தன்விகா.

பேச்சை நம்பாமல் சூடம் ஏற்றினார்கள். ஒவ்வொருவராக வந்து உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்துப் பிள்ளை மேல் சத்தியம் செய்தார்கள். மோனிஷ் இரண்டு கையாலும் அடித்தான். தன்விகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் என்றால் இதுதான் ஊர் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. துளிர் பால்கனியில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். தன்விகா கைத்திரையில் தணிப்புப் பொத்தானைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கோயில் மணி அடித்தது.

பெருவிரல் பொத்தானுக்கு மேல் போய் நின்றது. அகரனின் தோள்பட்டை நினைவுக்கு வந்தது. துணி மாற்றிய நாளின் சத்தமும் கேட்டது. கோடு ஒரு நூல் இறங்கட்டும், உடனே அழுத்திவிடலாம் என்று நினைத்தாள். ஒரு நூல் போதும். மற்றவர்கள் அழுத்தியிருந்தால் இதோ இறங்கிவிடும்.

கோடு இறங்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். எதிர் பிளாக்கில் பால்கனிக்குப் பால்கனி ஆட்கள் நின்றார்கள். அத்தனை தலைகளும் கைத்திரை மேல் கவிழ்ந்திருந்தன. மோனிஷ் மட்டும் தலையைத் தூக்கினான். அவளைப் பார்த்துச் சிரித்து, 'முடிஞ்சது' என்பதுபோல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவளும் சிரித்தாள். அவளும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

கோடு ஒரு நூல் ஏறியது.

'சூடம் அடிச்ச கையா இது? வெளங்குவானா?' என்று பல்லைக் கடித்தாள் தன்விகா.

தரையிலிருந்து துளிர் தலையைத் தூக்கினாள். வரைந்த தாளை முகத்துக்கு மிக அருகே பிடித்துப் பார்த்தாள். பிறகு வெயில் கொளுத்தும் வானத்தைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினாள்.

"அம்மா, மழை வரப்போகுதா? இருட்டிக்கிட்டு வருதே."

"ஆமா கண்ணு, மேகம்தான்," என்று தன்விகா கத்தினாள். கத்திவிட்டு, கோடு இறங்கியிருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்தாள்.