ஆறு கதிரை வீடு

எங்கள் வீட்டில் ஆறு கதிரைகள் இருந்தன. வேறு தளபாடம் ஒன்றும் இல்லை.

வீடு என்று சொன்னால் வீடே சிரிக்கும். ஊர்காவற்றுறையில் ஒரு புடவைக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை அது. எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் கடையும் வீடும் எரிந்துபோயின. அப்பா, அம்மா, தம்பி, நான் என நான்கு பேரும் ஒரேயொரு பையோடு கப்பலேறி, அப்பாவின் ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

"பாவம், வெறும் வீடாம்" என்று கேள்விப்பட்ட சொந்தமும் அயலும் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் கதிரை கொண்டு வந்தார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவரை நிற்கவைத்துக் கதைப்பது பெரிய குற்றம். ஆகவே வெறும் வீடு என்றதும் அவர்களுக்கு வந்த முதல் கவலை, 'நாங்கள் போனால் எதில் இருக்கிறது?' என்பதுதான்.

செல்லாச்சி மாமி பிரம்புக் கதிரை தந்தார். விநாயகமூர்த்தி மாஸ்ரர் அகலமான மரக்கதிரை தந்தார். பக்கத்துவீட்டு எமிலி அக்கா ஒரே மாதிரி இரண்டு தந்தார். பரமலிங்கம் மாமா கால் ஆடாதது ஒன்றும் ஆடுவது ஒன்றும் தந்தார்.

பாய் விரிக்க இடமில்லை. தம்பி ஒரு கதிரைக்கு அடியில்தான் படுத்தான். எழும்பும்போதெல்லாம் 'டங்!' நெற்றியில் ஒரு நெல்லிக்காய் முளைத்துவிட்டது.

"ரெண்டைத் திருப்பிக் குடுப்பமே, அம்மா?" என்று கேட்டேன்.

"ஐயோ, ஏலாது மனோ. வெறுங்கையோட வந்த எங்களுக்கு மனசாரத் தந்தவை. திருப்பிக் குடுத்தா நொந்துபோவினம்."

அம்மா தம்பியின் நெற்றியைத் தடவினார். கொழும்பிலிருந்து வந்தபிறகு அவர் சிரித்து நான் பார்க்கவேயில்லை.

நான் யோசித்தேன். என் மூளை உடனே வேலை செய்தது, ஆனால் பிழையாக. ஆறு கதிரைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். கோபுரம் அழகாகத்தான் இருந்தது. சற்று நேரத்தில் அது என்மேல் இருந்தது.

"மேல குடிவந்தியளோ, இடிக்க வந்தியளோ?" என்று கீழேயிருந்து கடைக்காரர் கத்தினார்.

விழுந்து கிடந்தபடி பார்த்தேன். ஆடும் கதிரை தலைகீழாகக் கிடந்தது. அதன் ஒரு காலில் என் சட்டை கொழுவியிருந்தது. அட! கதிரையில் ஆள்தான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது?

எமிலி அக்காவின் இரண்டையும் எதிரெதிரே வைத்துக் கட்டினேன். தம்பிக்குக் கட்டில். மாஸ்ரரின் கதிரை என் எழுதுமேசை. மாமியின் கதிரையில் நயினாதீவு அம்மன் படம். பரமலிங்கம் மாமாவின் ஆடாத கதிரையில் தண்ணீர்க்குடம். கடைக்காரர் தந்த துண்டுத் துணிகளை அம்மா தைத்து எல்லாவற்றுக்கும் விரிப்புப் போட்டார். நடுவில் பாய் விரிக்கத் தாராளமாக இடம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, தந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக வந்துவிட்டார்கள்.

"கதிரையளை இந்தக் கோலத்தில கண்டா என்ன சொல்லுவினமோ!" என்று அம்மா கையைப் பிசைந்தார்.

"என்ர கதிரை எங்க, பிள்ளை?" என்றார் செல்லாச்சி மாமி.

மூலையைக் காட்டினேன். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்ர கதிரையில அம்மாள் எல்லோ இருக்கிறா!" என்று எல்லோரையும் ஒருமுறை பெருமையாகப் பார்த்தார்.

"மெல்லக் கதையுங்கோ மாமி, என்ர கதிரையில பிள்ளை நித்திரை," என்றார் எமிலி அக்கா.

"என்ர கதிரை படிக்குது!" என்றார் மாஸ்ரர்.

பரமலிங்கம் மாமா கிட்டப் போனார். தலைகீழாக நின்ற தன் கதிரையையும், அதன் நாலு காலிலும் தொங்கிய எங்கள் உடுப்புகளையும் உற்றுப் பார்த்தார்.

"இப்ப ஆடுதோ?"

"இல்லை மாமா."

"பாத்தியளே! நல்ல கதிரை எண்டு நான் அப்பவே சொன்னனான்."

அம்மா சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார்.

எல்லோரும் பாயில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். போகும்போது செல்லாச்சி மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"எல்லாம் நல்ல வடிவு. ஆனா வந்த சனம் இருக்க ஒரு கதிரை இல்லையே, பிள்ளை! நாளைக்கு ஒண்டு அனுப்பிவிடுறன்."

அம்மா என்னைப் பார்த்தார்.

"ஓம் மாமி, அனுப்புங்கோ," என்றேன். எங்களுக்கு இன்னும் ஒரு அலுமாரி தேவையாக இருந்தது.