பட்டி மண்

சனிக்கிழமை, காலை 9.10.

பெட்டியைத் தூக்கிய உடனேயே கம்சிகாவுக்கு விளங்கிவிட்டது. மூன்று கிலோ மண் இருக்கவேண்டிய அட்டைப் பெட்டி, பஞ்சுபோல் கையோடு வந்தது. திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

லூயிஷாம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த மண் ஆய்வுகூடத்தில் களவெடுக்க எத்தனையோ இருந்தன. மூலையில் நின்ற இயந்திரத்தின் விலைக்கு ஒரு கார் வாங்கலாம். அதைத் தொட்டும் பாராமல் ஆறு பை மண்ணைக் கொண்டுபோன கள்ளனை என்னவென்று சொல்வது?

சங்கதி இதுதான். லண்டன் தமிழர் சிலர் சேர்ந்த நலன்புரிச் சங்கம் ஒன்று வன்னியில் அறுபது ஏக்கரில் மாட்டுப்பண்ணை நடத்துகிறது. மேய்ச்சல் நிலத்தில் இலுப்பையும் வாகையுமாக நாற்பத்து மூன்று பெரிய மரங்கள். மரங்கள் புல்லின் சாரத்தை உறிஞ்சுகின்றன, எல்லாவற்றையும் தறிக்கவேண்டும் என்றார் சங்கத் தலைவர் குகதாசன். சங்கத்தில் மண்ணைப் படித்த ஒரே ஆளும், இந்த ஆய்வுகூடத்தில் வேலை செய்பவளுமான கம்சிகா, மரங்கள்தான் அந்த மண்ணை வளர்க்கின்றன என்றாள். வாய்ச்சண்டை வளரவே, மண்ணையே கேட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று.

பண்ணையைப் பார்க்கும் யனுஷன் மூன்று பெட்டிகள் அனுப்பினான். ஒவ்வொன்றிலும் ஆறு பைகள். பைகளில் ஒன்று முதல் ஆறு வரை இலக்கம் மட்டும். பெட்டிகளின் மேல்தான் தடித்த பேனையால் பெயர் எழுதியிருந்தான்: மரம், வெளி, பட்டி. மரத்தடி மண்ணும் திறந்த புல்வெளி மண்ணும் போதும் என்றுதான் கேட்டிருந்தார்கள். மூன்றாவது பெட்டி அவனாகச் சேர்த்தது.

நேற்று முடிவு வந்தது. மண்ணின் வளத்தைக் காட்டும் கரிமச் சத்து மரத்தடியில் நூற்றுக்கு 2.1. வெளியில் 3.4. கம்சிகா தோற்றுவிட்டாள்.

இன்று மாலை நாலு மணிக்குக் கூட்டம். அவளுடைய அறிக்கையை வாசித்ததும் கை உயர்த்துவார்கள். திங்கட்கிழமை மரங்களை அறுக்க வாள் வைப்பார்கள். மனம் ஆறாமல், மூன்றாவது பெட்டியையும் சோதித்துப் பார்ப்போம் என்று காலையில் ஓடி வந்தவளுக்குக் கிடைத்தது வெற்றுப் பெட்டி.

அவள் பொலிஸுக்குச் சொல்லவில்லை. மண்ணைக் காணவில்லை என்று எந்தப் பொலிஸிடம் போய்ச் சொல்வது? பிளேஸ்டோவில் இருக்கும் றோஸ்மலர் அன்ரிக்கு அழைத்தாள்.

காலை 10.35.

றோஸ்மலர் இருபத்திரண்டு வருடமாக லண்டன் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். சங்கக் கூட்டங்களிலும் அவள்தான் மொழிபெயர்ப்பாள். இளைய உறுப்பினர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் ஓடாது. மற்றவர்களின் சொற்களைச் சுமந்து சுமந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. இடம் மாறி விழுந்த சொல்லை அவள் காது விடாது.

"பெட்டி எங்க இருந்தது?"

"இந்த அலுமாரிக்குள்ள, அன்ரி. பூட்டினபடி. பூட்டுத் திறப்பு என்னட்டையும் முகுந்திட்டையும் மட்டும்தான்."

முகுந்த் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். சென்னைக்காரன். சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்த கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.

"வெளியாள் இருக்கிறப்ப அலமாரியைத் திறந்தது திங்கட்கிழமை மட்டும்தான் மேடம். உங்க சங்கத் தலைவரும் செகரட்டரி அம்மாவும் மண்ணைப் பாக்க வந்தாங்க. மூணு பெட்டியையும் மேசைல எடுத்து வச்சேன்."

"பிறகு?"

"தலைவர் ஒரு பெரிய பை நிறைய மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்திருந்தாரு. லேபுக்குள்ள சாப்பிடக் கூடாது. ரோல்ஸை மட்டும் எடுத்துட்டுக் கிச்சனுக்குப் போனோம். அவர் வரல. பல்வலின்னாரு. அந்தம்மா போன் பேசிட்டே காரிடார்ல நடந்துட்டிருந்தாங்க."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம். அப்புறம் அவங்களை அனுப்பிட்டுப் பெட்டியெல்லாம் உள்ள வச்சேன். டெஸ்ட் மறுநாள்தான் ஆரம்பிச்சோம்."

"பாரம் பாத்தனீங்களோ?"

"இல்ல மேடம். மூணையும் டிராலியில தள்ளிட்டுப் போய் அப்படியே அடுக்கிட்டேன்."

"ரோல்ஸ் கொண்டந்த பை?"

"தலைவர் திரும்ப எடுத்துட்டுப் போயிட்டாரு. சிக்கனமான மனுஷன்."

பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள் றோஸ்மலர். மூன்றாம் பெட்டிக்கு நேரே முகுந்த் ஆங்கிலத்தில் 'கிராமத்து மண்' என்று எழுதியிருந்தான்.

"பட்டின்னா கிராமம்தானே மேடம்? எங்கம்மா ஊர்ப் பக்கம் பாதி ஊர் பேரு பட்டியிலதான் முடியும்."

"நான் வேற மாதிரி நினைச்சன்," என்றாள் கம்சிகா. "அம்மா பெல்ட்டைப் பட்டி எண்டுதான் சொல்லுவா. அப்ப ஒரு கீற்று. வேலியோரமா நீளமா எடுத்த மண்ணாக்கும் எண்டு விட்டிட்டன்."

றோஸ்மலர் சிரித்தாள். ஏன் என்று சொல்லவில்லை. சோதித்து மிஞ்சிய மண்ணை வெள்ளைத் தட்டுகளில் கொட்டச் சொன்னாள்.

மரம் என்ற பெட்டியின் மண் கபில நிறம். மயிர் மயிராய்ப் புல்வேர்கள், வாகையின் குட்டிக் குட்டி இலைச் சருகுகள், ஒரு வண்டின் சிறகு. வெளி என்ற பெட்டியின் மண் இன்னும் கறுப்பு. அதில் ஒரு புல்வேர்கூட இல்லை. கரித்துண்டுகள் கடுகளவில் கிடந்தன. சாம்பல் படிந்த தும்பு ஒன்றை றோஸ்மலர் குறட்டால் தூக்கிப் பார்த்தாள். தேங்காய்த் தும்பு.

"புல்வெளிக்கு நெருப்பு வைக்கிறவையோ?"

"ஐயோ, யனுஷன் ஒரு பீடி பத்தவும் விடமாட்டார்."

"இதில வேற என்ன கூட இருக்கு?"

"பொசுபரசு. மரத்தடியில இருக்கிறதைப்போல ஆறு மடங்கு. எனக்கும் அதுதான் விளங்கேல்லை. ஆனா மெஷின் பொய் சொல்லாது, அன்ரி."

"மெஷினுக்குப் பெட்டியில எழுதினதை வாசிக்கத் தெரியாதே, பிள்ளை," என்றாள் றோஸ்மலர். "ஒண்டு மட்டும் செய். களவு போன விஷயத்தை ஒருத்தருக்கும் மூச்சுவிடாத. முகுந்த் தம்பி, நீங்களும்தான்."

காலை 11.50.

ஸ்ட்ராட்போர்ட் போகும் ரயிலில் இருந்தபடியே றோஸ்மலர் செயலாளர் சிவரூபினிக்கு அழைத்தாள். பக்கத்தில் கம்சிகா நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சிவரூபினி, லேப்பில ஆறு மண் பையைக் காணேல்லை."

"என்னடி சொல்றாய்? எந்தப் பை? மரத்தடியோ, வெளியோ?"

"பிறகு சொல்றன். திங்கட்கிழமை பெட்டி வைச்ச அறைக்குள்ள போனனியோ?"

"என்ர மகளின்ர ஸ்கூலில இருந்து போன். அதோட மல்லுக்கட்டவே நேரம் காணேல்லை. ஏன், என்னிலையே சந்தேகம்?"

"இல்லை," என்று சொல்லி வைத்தாள். உண்மையாகவே இல்லை.

மதியம் 12.40. குட்மேய்ஸ்.

குகதாசனின் சாப்பாட்டுக் கடையில் மதியக் கூட்டம் இன்னும் வரவில்லை. காசு மேசைக்குப் பின்னால் இருந்து, வறுத்த கச்சான் கடலையைக் கடைவாயில் போட்டு நொறுக்கியபடி, கைத்தொலைபேசியில் கவுன்சில் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தார். சட்டத்துக்கு அப்படிப் பயந்த மனிதர். முப்பது வருடத்தில் ஒருநாளும், நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் கார் விட்டதில்லை. அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவார். அவருக்குப் பின்னால் சுவரில், புதுத் தேர் ஒன்றின் பெரிய வரைபடம். அடியில் ஊர்க் கோயிலின் பெயர். அதற்கும் அடியில் 'அமரர் கமலாம்பிகை குகதாசன் ஞாபகார்த்தமாக'.

"வாங்கோ வாங்கோ. கூட்டத்துக்கு இன்னும் நேரம் கிடக்கே. பிள்ளை, முகம் ஏன் வாடியிருக்கு? ஆய்வெண்டா ஒருக்கால் வெல்லும், ஒருக்கால் தோற்கும்."

"அண்ணை, லேப்பில ஒரு சின்னப் பிரச்சினை," என்றாள் றோஸ்மலர். "ஆறு மண் பையைக் காணேல்லை."

கச்சான் வாயில் ஒரு கணம் நின்றது. பிறகு சிரித்தார்.

"சாணக மண்ணை ஆர் தங்கச்சி களவெடுப்பினம்? எங்கையும் தட்டுப்பட்டுப் போயிருக்கும். அறிக்கைக்கு அது தேவையில்லைத்தானே."

றோஸ்மலர் கதிரையை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "உங்கட பல்லுக் கொதி மாறீட்டுதே, அண்ணை?"

அவர் கச்சான் இருந்த கடதாசிச் சரையை மெதுவாக மேசையில் வைத்தார்.

"நான் எந்தப் பெட்டி எண்டு சொல்லேல்லை," என்றாள் அவள். "சிவரூபினி அதைத்தான் முதல் கேட்டவ. நீங்கள் கேக்கேல்லை. சரி, அதை விடுவம். சாணக மண் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? பதிவேட்டில கிராமத்து மண் எண்டு கிடக்கு. இவள் வேலியோர மண் எண்டு நினைச்சவள். அந்த லேப்பில படிச்ச ரெண்டு பேருக்கும் பட்டி எண்டா மாடு கட்டுற பட்டி எண்டு தெரியாது. தெரிஞ்சவர் ஒருத்தர் அந்தப் பெட்டியோட இருபது நிமிஷம் தனிய இருந்தவர்."

கம்சிகா முன்னால் வந்தாள். "மாட்டுப் பட்டியே! அப்ப அந்தப் பொசுபரசு சாணகத்தால வந்தது..."

"வருஷக்கணக்கா நூறு மாடு ராவில படுத்தெழும்புற இடம். மிதிபட்டுப் புல் முளைக்காது. அதுதான் வேர் இல்லை. இலையானும் நுளம்பும் அண்டாமல் பொழுதுபட்டாத் தேங்காய்ப் பொச்சுமட்டையில புகை போடுவினம். அதுதான் கரியும் தும்பும். வெளியில ஆர் மாட்டுக்குப் புகை போடுறது? நீ சோதிச்சது வெளி மண் இல்லை, கம்சிகா. பட்டி மண்ணை வெளிப் பெட்டிக்குள்ள வைச்சிட்டினம். பட்டிப் பெட்டி வெறுமையாக் கிடந்ததால பட்டி மண் களவு போச்சுதெண்டு எல்லாரும் நினைச்சம். களவு போனது வெளி மண். ரோல்ஸ் வந்த பையிலதான் அது போனது. பட்டிப் பெட்டிக்குள்ள மாத்தி வைச்சிருந்தா, ஒருநாள் சோதிச்சுக் கண்டுபிடிச்சிடுவினம் எண்ட பயம்."

குகதாசன் மறுக்கவில்லை. அது கம்சிகாவுக்கு இன்னும் வலித்தது. சின்ன வயதிலிருந்து அவள் 'அங்கிள்' என்று கூப்பிட்ட மனிதர்.

"ஏன் அங்கிள்?"

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "தேருக்கு இலுப்பை வேணும். நான் தாறன் எண்டு கோயிலில சபை நடுவில சொல்லிப்போட்டன். நோட்டீசும் அடிச்சாச்சு, அவளின்ர பேர் போட்டு. சங்கத்தைக் கேட்டா, தேருக்காகப் பண்ணை மரத்தைத் தறிக்க விடுவினமே? மரத்தால புல்லுக்குக் கேடு எண்டு சொன்னா விடுவினம். நான் உண்மையாவே அப்பிடித்தான் நம்பினனான், பிள்ளை. பெரிய மரத்துக்குக் கீழ நெல்லு விளையாதுதானே?"

"நெல்லும் மேய்ச்சலும் ஒண்டில்லை, அங்கிள்." அவளை அறியாமலே அவளுடைய குரல் வகுப்பறைக் குரலாகியது, மண் என்று வந்துவிட்டால் அவளுக்குக் கோபம்கூட மறந்துவிடும். "வெயிலுக்கு மாடெல்லாம் மரத்துக்குக் கீழதான் வந்து நிக்கும். சாணகமும் சலமும் அங்கதான் விழும். ஆழத்தில கிடக்கிற சத்தை வேர் உறிஞ்சி இலையாக்கும். இலை கொட்டி மண்ணாகும். வாகை காத்தில இருக்கிற தழைச்சத்தையும் பிடிச்சுத் தரும். ஆனா..."

"ஆனா?"

"மாடு வெளியில மேய்ஞ்சிட்டு நிழலில போடேக்க, வெளியின்ர சத்துத்தான் மரத்தடிக்கு இடம் மாறுது. மரம் புதுசாத் தாறது எவ்வளவு, மாடு காவிக்கொண்டு வாறது எவ்வளவு எண்டு எனக்கே இன்னும் தெரியாது. அதைப் பிரிச்சுப் பாக்கத்தான் எனக்கு அந்த வெளி மண் வேணும்."

தான் தோற்கக்கூடிய இடத்தையும் மறைக்காமல் சொன்ன பெண்ணை அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலை தாழ்ந்தது.

"மண்ணை எங்க கொட்டினீங்கள்?" என்று அவள் கேட்டாள்.

"கொட்டியிருக்கமாட்டார்," என்றாள் றோஸ்மலர். "கவுன்சில் குப்பைத் தொட்டியில மண் போட ஏலாது. குப்பை மையத்துக்கு நாள் பதிஞ்சுதான் கொண்டுபோகவேணும். என்ன அண்ணை, உந்தப் படிவத்தில எந்த நாள் போட்டனீங்கள்?"

குகதாசன் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "திங்கட்கிழமை, பத்து இருபது."

பைகள் ஆறும் அவருடைய காரின் பின்பெட்டியில், துவாயால் மூடியபடி இருந்தன. கார் ஒழுங்காகக் காசு கட்டிய தரிப்பிடத்தில் நின்றது. கம்சிகா ஒரு பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெளிறிய மண், கட்டி கட்டியாய். அவிழ்க்கக் கை துடித்தது. ஆனால் வெளிநாட்டு மண்ணுக்கான அனுமதி ஆய்வுகூடத்துக்குள் மட்டும்தான்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லப்போறதில்லை," என்றாள் றோஸ்மலர் அவரிடம். "அது என்ர வேலை இல்லை. நாலு மணிக்கு ஆர் என்ன சொல்லினமோ, அதை மொழிபெயர்ப்பன். அவ்வளவுதான்."

மாலை 4.00.

மண்டபத்தில் அறுபது பேர். அறிக்கையை வாசிக்கக் கம்சிகா எழுந்தபோது குகதாசன் கையைக் காட்டி அவளை இருக்கச் சொன்னார். ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் மண்ணை மாத்தினனான்," என்றார்.

பாதி மண்டபம் மூச்சை அடக்கியது. மீதிப் பாதி விளங்காமல் றோஸ்மலரைப் பார்த்தது.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு விதி உண்டு. 'இவர் இப்படிச் சொல்கிறார்' என்று தள்ளி நிற்கக் கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் இவளும் 'நான்'. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. றோஸ்மலர் அவர் பக்கத்தில் போய் நின்று, நான்தான் மண்ணை மாற்றினேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அந்தப் பிள்ளையின்ர கணக்கில பிழை இல்லை. பிழை என்னில. அவள் திரும்பச் சோதிச்சு முடிவு சொல்லுமட்டும் ஒரு மரத்திலையும் கை வைக்க வேண்டாம். திங்கட்கிழமை வாள் வராது, யனுஷனுக்குச் சொல்லிப்போட்டன். தலைவர் பதவியையும் விடுறன்."

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூன்றாம் வரிசையில் இருந்த கம்சிகா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"என்ர மனுசியின்ர பேரில," என்று குகதாசன் தொடங்கினார். ஒலிவாங்கியைக் கையால் பிடித்துக்கொண்டார். "என்ர மனுசியின்ர பேரில, பொய்யில செய்த தேர் ஒண்டு ஓட வேண்டாம்."

இருபத்திரண்டு வருடத்தில் றோஸ்மலர் எத்தனையோ பேருடைய 'நான்' ஆகியிருக்கிறாள். ஒருநாளும் குரல் மாறியதில்லை. இன்று 'என் மனைவி' என்ற இடத்தில் அது உடைந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அந்த வசனத்தை முதலிலிருந்து சொல்லி முடித்தாள்.