ஒப்பறையில் ஆலோசகர்

"நாற்பத்தோராம் டோக்கன், நித்திலா!" என்று ஷமீலா குரல் கொடுத்தபோது, உள் அறையில் ஆலோசகர் யுகேந்திரன் அடுத்த ஜோடிக்காகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தான். பெயர் காதில் விழுந்தது. ஈரோட்டில் ஒரே ஒரு நித்திலாதான் இருக்க வேண்டுமா என்ன என்று விட்டுவிட்டான்.

"வீட்டுக்காரர் எங்கக்கா? ரெண்டு பேரும் வந்தாத்தான் உள்ள விடுவோம்" என்றாள் ஷமீலா. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண். ஆலோசகரின் மனைவியை அவள் பார்த்ததில்லை.

"வந்துட்டாருங்க. உள்ளார உக்காந்திருக்காரு பாருங்க, கதவுல பேரு போட்டு. அவருதான்."

காத்திருந்த கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யுகேந்திரனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. இத்தனை காலமாக அந்த மையத்தில் அவன் எத்தனையோ ஆண்களை நெளிய வைத்திருக்கிறான். நெளிவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அது தம்பதி ஒப்பீட்டு மையம். கல்யாணமான எவரும் ஒப்பறையில் உட்காராமல் கருத்தடை முறை எதையும் வாங்க முடியாது என்று சட்டம் வந்த பிறகு, பெருந்துறை சாலையில் பாத்திரக் கடைக்கு மேலே திறந்தது. எல்லோர் கையிலும் மெய்ப்பதிவி என்ற மெல்லிய பட்டை இருக்கிறதே, அது உடம்பின் வலி, குமட்டல், அசதி எல்லாவற்றையும் பதிந்துவைக்கும். காட்சியும் கிடையாது, ஓசையும் கிடையாது. உடம்பு பட்டது மட்டும்தான். ஒப்பறையில் உள்ள ஒப்புணர்வி மனைவியின் பதிவை எடுத்துக் கணவனுக்கு ஏற்றும், கணவனுடையதை மனைவிக்கு ஏற்றும். ஏற்கனவே கைக்கொண்ட முறை என்றால் நடந்தது நடந்தபடி. இன்னும் கைக்கொள்ளாத முறை என்றால், அந்த உடம்புக்கு அது என்ன செய்யும் என்று கணித்துக் காட்டும். இரண்டு பேரும் பட்டு அறிந்த பிறகு ஆளுக்கொரு விரலால் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மருந்தோ மருத்துவரோ.

இதையெல்லாம் யுகேந்திரன் சொல்லிக் கேட்க வேண்டும். பேச்சு என்றால் அப்படியொரு பேச்சு. "தெரியாதுங்கற சாக்கு இனி செல்லாதுங்க" என்று தொடங்குவான். ஒப்பறைக் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு உண்டு. உள்ளே இருப்பவர் தாங்க முடியாமல் 'போதும்' பொத்தானை அமுக்கினால் அது எரியும். எரிந்தால் போதும், வெளியே வரும் ஆளைத் தோளில் தட்டி, "என்னங்க, வீட்டம்மா வருசக்கணக்கா தாங்கறாங்க, உங்களால அரை மணி நேரம் முடியலையா?" என்று கூட்டத்துக்கு நடுவிலேயே கேட்பான். பெண்கள் அவனைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். மகளிர் கூட்டங்களில் சால்வை போட்டார்கள். அந்த மகானுபாவர் ஒப்பறை நாற்காலியில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

மனைவியை அவசர அவசரமாக உள்ளே கூட்டிக் கதவைச் சாத்தினான்.

"என்ன நித்திலா இது? ஆபீசுக்கே வந்து மானத்த வாங்கற. எதுன்னாலும் வீட்டுல கேட்டா நான் சொல்ல மாட்டனா?"

"வீட்டுலதானுங்க மாமா இத்தன வருசமாக் கேட்டேன். உங்க அம்மா வெள்ளிக்கெழம எனக்கு ஆப்பரேசன்னு ஆஸ்பத்திரில சொல்லி வெச்சுட்டாங்க. நீங்க கமுக்கமா விலக்கு வாங்கிட்டீங்க. ஆலோசகருக்கு எல்லாந் தெரியுமாம், அதனால சம்சாரத்தோட உக்கார வேண்டியதில்லையாம். அப்படி என்னதானுங்க தெரியும் உங்களுக்கு?"

"எல்லாமே தெரியும் கண்ணு." பழக்கதோஷம், பாடம் ஒப்பிக்கத் தொடங்கிவிட்டான். "தெனமும் போடற மாத்திரை நல்ல பாதுகாப்பு, மறக்காமப் போடோணும், சிலருக்கு லேசாக் குமட்டும். காப்பர்-டி வெச்சா பல வருசத்துக்குக் கவலையில்ல, மாசாமாசம் வயித்துவலியும் போக்கும் கொஞ்சம் எச்சா இருக்கும். ஊசி போட்டா தீட்டு முன்னப்பின்ன ஆகும். பொம்பளை ஆப்பரேசன்னா வயித்தத் தொறந்து குழாயக் கட்டோணும். ஆணுறை, ஆம்பளை ஆப்பரேசன், அதுவும் இருக்குது."

"அது ரெண்டுக்கும் மட்டும் ஒரே மூச்சுல போயிட்டீங்களே."

ஆணுறை தனக்கு ஒத்துவராது என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டான். ஆண்களுக்கான அறுவை பற்றி வீட்டில் பேச்சு வந்த ஒரே தடவை, அவன் அம்மா சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு, "சம்பாரிக்கற ஆம்பளைய அறுத்துப் போட்டா குடும்பம் என்னத்துக்காகும்?" என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு ரசம் ஊற்றிக்கொண்டான். ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சொல்கிறவன்தான். தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வார்த்தை வரவில்லை.

"எனக்கு ரத்தம் கம்மின்னு டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்குதுங்களா?" என்றாள் நித்திலா. குரல் உயரவில்லை. "பயமா இருக்குது மாமா. ரெண்டு கொழந்தையும் வெச்சுக்கிட்டு எனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா யாரு பாப்பாங்க? நீங்க ஒரே ஒருக்கா உக்காருங்க. உக்காந்து எந்திரிச்சு வந்தும், 'நீதான் பண்ணிக்கோணும்'னு சொன்னீங்கன்னா, வெள்ளிக்கெழம நானே பொட்டி கட்டிட்டுப் போறேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவன் யோசித்தான். ஒப்புணர்வியை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவன். பல்லைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்துவிட்டால் பேச்சு முடிந்தது, வெள்ளிக்கிழமையும் முடிந்துவிடும். கூட்டத்தின் முன்னால் நல்ல பெயரும் கிடைக்கும். "சரி வா" என்றான். போகும்போது கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தான், வெட்கங்கெட்டவன்.

ஷமீலா இருவர் நெற்றியிலும் உணர்வட்டையை ஒட்டி, ஆளுக்கொரு அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

முதலில் மாத்திரை. காலையில் எழுந்ததும் வாய் முழுக்கப் புளிப்பு, தொண்டைக்குழியில் எதுவோ வந்து நிற்கிற மாதிரி. லேசான குமட்டல்தானே என்று நினைத்தான். ஆனால் அது போகவில்லை. குமட்டிக்கொண்டே முதுகு குனிந்தது, கை எதையோ துழாவித் தேய்த்தது, இடுப்பில் ஒரு பாரம் ஏறி உட்கார்ந்தது. குழந்தை என்று புரிந்தது. குமட்டலோடு பாத்திரம் தேய்ப்பதும் குமட்டலோடு பிள்ளையைத் தூக்குவதும் எப்படி என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவனுக்குச் சொன்னதில்லை. தலைவலி பின்கழுத்தில் பிடித்து நெற்றிக்கு வந்தது. பரவாயில்லை, தாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம்தான் அது வந்தது. வயிறு பானையாட்டம் உப்பியது. மார்பு சட்டை பட்டாலே வலித்தது. கால்களில் நீர் கோத்துக் கனத்தது. பழைய குமட்டல் ஒன்றுக்கு இரண்டானது. மாத்திரைக்கு இவ்வளவு இருக்காதே, கருவியில் கோளாறோ என்று ஒரு கணம் நினைத்தான். உள்ளங்கால் சுட்டது. வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடக்கிறாள். இரண்டு கையும் தலைக்கு மேலே உயர்ந்து எதையோ ஏந்தியிருந்தன. தோள்பட்டை இற்றுவிடும்போல் இருந்தது. நெற்றிக்கு மேலே சூடு, நெய் விளக்கின் சூடு.

மாவிளக்கு.

அவனுக்கு விளங்கிவிட்டது. குலதெய்வம் கோயில் பொங்கலுக்கு மாவிளக்குத் தட்டு எடுப்பது மூத்த மருமகளின் உரிமை. தேதி பார்த்தால் அந்த வாரம் நித்திலாவுக்குத் தீட்டு வரும்போல் இருந்தது. தள்ளிப்போடுகிற மாத்திரையை வாங்கிவரச் சொன்னது அம்மா. வாங்கிவந்தவன் இவன். ஏற்கனவே தினமும் கருத்தடை மாத்திரை போடுகிறவள் மேலே இதையும் போடலாமா, டாக்டரைக் கேட்க வேண்டாமா என்று ஊரில் யார் கேட்டாலும் சொல்லத் தெரிந்த ஆள், "ஒரு வாரந்தான கண்ணு, அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றான். கிரகப்பிரவேசத்துக்கும் அப்படித்தான். தங்கை மகன் காதுகுத்துக்கும் அப்படித்தான். சாமி கோபித்துக்கொள்ளும் என்று பயந்தார்கள். அந்த உடம்பு என்ன ஆகும் என்று ஒருத்தரும் பயப்படவில்லை.

அப்போது கன்னம் இரண்டும் இழுத்துக்கொண்டன. யுகேந்திரனுக்கு முதலில் என்னவென்று புரியவில்லை. வயிறு பிசைகிறது, கண் இருட்டுகிறது, அதற்கு நடுவில் உதடுகள் பக்கவாட்டில் விரிகின்றன, கன்னத் தசைகள் மேலே ஏறுகின்றன. சிரிக்கிறாள். ஊர்வலத்துக்கு முன்னால் வீடியோ எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தவன் இவன்தான். "மூஞ்சிய உம்முனு வெச்சுக்காத, கொஞ்சம் சிரிச்சிட்டு வா" என்று கத்தினதும் இவன்தான். அந்த வீடியோவை இன்றைக்கும் சொந்தக்காரர்கள் பார்த்து, மருமகள் லட்சணமாக இருக்கிறாள் என்று மெச்சுகிறார்கள்.

அடுத்து, தள்ளிப்போட்டது மொத்தமாக வந்தது. அடிவயிற்றை யாரோ துணி பிழிவதுபோல் பிழிந்தார்கள். பொத்தானை அமுக்கியது அவன் கை என்பதே கதவிடுக்கில் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. காப்பர்-டி, ஊசி, அறுவை எல்லாம் இன்னும் பாக்கி இருந்தன. அவன் முதல் முறையைக்கூடத் தாண்டவில்லை.

சட்டை நனைந்து வெளியே வந்தான். யாரும் தோளில் தட்டவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்போல் இருந்தது. பெஞ்சில் இருந்த ஆண்கள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இத்தனை பேரை இதே இடத்தில் வைத்துச் சிரித்தோமே என்று நினைத்தபோது, தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

நித்திலா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் அறைக் கதவு எப்போதோ திறந்திருந்தது.

"நித்திலா..." அவள் பக்கத்தில் போய் நின்றான். "நான் பெரிய பாவி. மன்னிச்சுக்க. நீ எங்கயும் போக வேண்டாம். வெள்ளிக்கெழம நான் போறேன். அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நான் பண்ணிக்கறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தான்; அழவில்லை. தன் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தான், அதுவும் இல்லை.

"உங்களது அப்பவே முடிஞ்சு போச்சுங்க" என்றாள்.

"முடிஞ்சுதா?"

"ஆணுறைக்கு ஒண்ணுமே தெரியல. சரி, ஆப்பரேசனாவது இருக்குமின்னு நாற்காலியக் கெட்டியாப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். ஒரு ஊசி குத்துச்சு. அப்புறம் மரத்துப் போச்சு. ரெண்டு மூணு நாளைக்கு லேசா ஒரு வலி, சைக்கிள்ல எச்சா தூரம் போயிட்டு வந்தாப்புல. அவ்வளவுதான். மெசின் கெட்டுப் போச்சாட்டம் இருக்குதுன்னு இந்தப் புள்ளைகிட்டச் சொல்லி, இன்னொருக்காப் போட்டுப் பாத்தேன்."

ஷமீலா தலைகுனிந்தபடி, "மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு" என்றாள்.

"அதுக்கப்புறம் மூணு மாசம் கழிச்சு ஒரு பரிசோதனை, அதுவரைக்கும் வேற பாதுகாப்பு. அதத் தவிர ஒண்ணுமில்லையாமே. உங்களுக்கு முந்தியே தெரியுங்களா?"

தெரியும். ஊருக்கெல்லாம் சொல்கிறவனுக்குத் தெரியாதா?

"உங்கம்மாவுக்குப் பயந்துட்டு நான் அந்த மாத்திரையெல்லாம் முழுங்கலீங்க" என்றாள் நித்திலா. "பாவம், அந்த மனுசன் தாங்க மாட்டாரு, அறுத்தா ஒடம்பு என்னத்துக்காகும்னு நெனச்சேன். ஒவ்வொருக்கா வாந்தி வர்றப்பவும், சரி போகட்டும், அவருக்கு வர்றது நமக்கு வந்ததா இருக்கட்டும்னு நெனச்சுக்குவேன். அப்படி நெனச்சா மனசுக்கு நல்லா இருக்கும். உங்க மேல ஆசையாக்கூட இருக்கும்."

அவள் தேர்வுத்திரையில் விரலை வைத்தாள். அவனும் வைத்தான். இரண்டும் ஒரே முறை. 'முழு இணக்கம். வாழ்த்துகள்' என்று பச்சை எழுத்தில் வந்து, ஒப்புணர்வி ஒரு மங்கள வாத்தியத் துணுக்கையும் வாசித்தது.

"வெள்ளிக்கெழம போயிட்டு வாங்க" என்று பையை எடுத்துக்கொண்டாள். "எனக்காகப் பண்ணிக்கறேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீங்க. என்னால கேக்க முடியாது."

அவள் படியிறங்கிப் போனாள். ஒப்பறையிலிருந்து வெளியே வரும் ஆண்கள் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்குவதைத்தான் அவன் எப்போதும் பார்த்திருக்கிறான். மையத்துக்கு அதுதான் விளம்பரம். அந்தக் கைகளில் பிடிபட்ட பெண்களின் முகத்தை ஒரு நாளாவது பார்த்தோமா என்று இப்போது யோசித்தான். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

"நாற்பத்திரண்டு!" என்றாள் ஷமீலா.

இளம் ஜோடி. புதுத்தாலி மஞ்சள்கூட மங்கவில்லை. பையன் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்து மிரண்டு போயிருந்தான். பெண் அவன் முழங்கையை வருடிக் கொடுத்துக்கொண்டு, "பயப்படாதீங்க மாமா, நான் இருக்கறேனில்ல" என்றாள். அவள் கண்ணில் இருந்த பரிவை யுகேந்திரன் பார்த்தான். பார்க்க முடியாமல் குனிந்துகொண்டான்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா?" பையன் தாழ்ந்த குரலில் கேட்டான். "அந்த ஆம்பளைங்க முறையெல்லாம் ரொம்ப வலிக்குங்களா?"

யுகேந்திரனுக்கு அந்தப் பெண்ணை, அந்தப் பரிவு கெடாமல், அப்படியே திருப்பி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்போல் இருந்தது. சட்டம் விடாது.

"இல்லீங்க தம்பி, உங்களுக்கு ஒண்ணுமே வலிக்காது" என்றான்.

"அப்பாடா!" என்று பையன் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தான். பெண்ணும் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு, அவளுக்கென்று திறந்திருந்த அறைக்குள் போனாள்.